கரோக்கே அறையில் பாட ஒரு ஜப்பானியப் பாட்டு: முப்பதுகளில் இருக்கும் ஆணுக்கு எது எளிது?

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாக யோகோஹாமாவில் பணிபுரிகிறேன். டிசம்பரில் அலுவலக ஆண்டிறுதி விருந்து முடிந்ததும் எல்லோரும் கரோக்கே அறைக்குச் செல்வது வழக்கம். சென்ற முறை ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடித் தப்பித்தேன். இம்முறை ஜப்பானியப் பாட்டு பாட விரும்புகிறேன். ஒலியைக் குறிக்கும் ஹிரகானா எழுத்துகளைப் படிப்பேன், சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் அதிகம் தெரியாது. என் குரல் கனமானது. மேலே போனால் உடைந்துவிடும். எளிய பாட்டுகள் எவை?

பதில்: மெதுவாகச் செல்லும் பாட்டே எளிய பாட்டு என்று எண்ணித்தான் பலர் தவறான பாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெதுவான பாட்டில் ஒவ்வொரு சுரத்தையும் நீட்டி நிறுத்த வேண்டியிருப்பதால், சுருதி சற்றே பிசகினாலும் அறை முழுவதற்கும் கேட்டுவிடும். நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு: பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்துக்கும் மிக உயர்ந்த சுரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பது ஒன்று; ஒரு தாளச் சுற்றுக்குள் எத்தனை அசைகள் அடைக்கப்பட்டுள்ளன என்பது மற்றொன்று.

ஸ்பிட்ஸ் குழுவின் பாட்டுகள் இதற்கு நல்ல எச்சரிக்கை. 1996இல் வெளிவந்த 'செரி'யைக் கேட்கும்போது பாடகர் சிரமமே இல்லாமல் பாடுவதாகத் தோன்றும். ஆனால் அவருடைய இயல்பான குரலே உயரமானது. கனத்த குரல் உள்ளவர் அதே சுருதியில் தொடங்கினால் பல்லவியை எட்டும்போது கழுத்து நரம்பு புடைக்கும். 2019இல் வந்த ஒஃபிஷியல் ஹிகெதான்டிஸம் குழுவின் 'பிரிடெண்டர்' ஜப்பானிய ஆண்களையே திணறடிப்பது. இளைய சகாக்கள் அதைக் கேட்டு வற்புறுத்தினாலும் இணங்க வேண்டாம்.

உங்கள் குரலுக்கு நான் முதலில் சொல்வது மங்கோல் 800 குழுவின் 'சீஸன கோய் நோ உதா'. 'ஒரு சின்னக் காதலின் பாட்டு' என்று பொருள். ஒகினாவாவைச் சேர்ந்த அக்குழு 2001இல் இதை வெளியிட்டபோது பள்ளியில் இருந்தவர்கள்தாம் இன்று முப்பதுகளில் இருக்கிறார்கள். ஆகவே நீங்கள் தொடங்கிய மறுகணமே உடன் பாட ஆள் கிடைக்கும். மெட்டு பெரும்பாலும் நடுக்குரலிலேயே சுற்றி வருவது. சிக்கல் சொற்களில்தான் இருக்கிறது. சரணங்களில் அவை நெருக்கமாக வந்து விழும் என்பதால், மெட்டை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் ஒரு வாரம் உரக்கப் படித்துப் பழக வேண்டும்.

சொற்கள் மிகவும் குறைவாக இருக்க வேண்டும் என்றால், தி புளூ ஹார்ட்ஸ் குழு 1987இல் வெளியிட்ட 'லிண்டா லிண்டா' இருக்கிறது. தாழ்ந்த குரலில் அமைதியாகத் தொடங்கி, திடீரென்று வெடித்து, தலைப்புச் சொல்லையே திரும்பத் திரும்பக் கூவும் பாட்டு அது. அந்த இடத்தில் சுருதி சுத்தத்தை யாரும் அளப்பதில்லை. துள்ளாமல் நின்றுகொண்டு பாடினால்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். ஐம்பது வயது மேலாளருக்கும் இது இளமைக் காலத்துப் பாட்டு என்பது கூடுதல் லாபம்.

தனித்து ஒலிக்க அஞ்சுபவர்களுக்கு, எஸ்எம்ஏபி குழுவின் 'செகாய் நி ஹிதோத்சு தகே நோ ஹானா' உதவும். 2003இல் தனி இசைத்தட்டாக வெளிவந்த இதைக் குழுவினர் ஐவரும் ஒரே குரலாக இணைந்து பாடியிருப்பதால், அறையில் உள்ளவர்களும் இயல்பாகவே சேர்ந்துகொள்வார்கள். ஃபுகுயாமா மசஹாருவின் கனத்த குரலில் 2011இல் வந்த 'கசோகு நி நரோ யோ' உங்கள் குரலுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் 'நாம் ஒரு குடும்பமாவோம்' என்று பொருள்படும் திருமணப் பாட்டை அலுவலக விருந்தில் பாடுவது கொஞ்சம் சங்கடம். அதை நண்பரின் திருமணத்துக்கு எடுத்து வையுங்கள்.

எல்லாத் தலைமுறையினருக்கும் பொதுவானது, சகாமோட்டோ கியூ 1961இல் பாடிய 'உயெ ஓ முயிதே அருகோ'. 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு இது. தமிழ்க் காதுக்கு இதில் ஒரு வசதி உண்டு. மத்தியமத்தையும் நிஷாதத்தையும் விலக்கிய ஐந்து சுர வரிசையை ஜப்பானியர் 'யோனநுகி' என்பார்கள். நம் மோகனமும் அதே ஐந்து சுரங்கள்தாம். இப்பாட்டின் பெரும்பகுதி அந்த வரிசையைத் தழுவியே நடப்பதால் மெட்டு விரைவில் மனத்தில் தங்கும். நடுவே ஓரிடத்தில் அந்தச் சாயல் விலகிச் சோகம் படரும். அங்கே மட்டும் கூர்ந்து கேட்டுப் பழகுங்கள்.

இனி உச்சரிப்பு. ஜப்பானியப் பாட்டு மாத்திரைக் கணக்கில் நடப்பது. குறில், நெடில் வேறுபாடு நமக்குப் பழக்கமானதே என்பதால் அங்கே தடுமாற்றம் இராது. தடுமாறுவது ஒற்றெழுத்தில். தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. ஜப்பானிய மொழியிலோ இரட்டிக்கும் ஒற்றும், சொல்லிறுதியில் வரும் 'ன்' ஒலியும் ஒரு முழு மாத்திரை பெறும். 'நிப்பொன்' என்ற சொல் நம் இலக்கணப்படி மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு. பாட்டில் அந்த ஒற்றுக்கே தனியாக ஒரு சுரம் ஒதுக்கப்படுவதும் உண்டு. அதை விழுங்கிவிட்டால் நீங்கள் தாளத்துக்கு முன்னால் ஓடிவிடுவீர்கள். பலர் 'எனக்குத் தாளம் நிற்கவில்லை' என்று நினைத்துக்கொள்வது பெரும்பாலும் இந்தக் கணக்குப் பிசகுதான்.

பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். வல்லொலியா மெல்லொலியா என்பது இடத்தைப் பொறுத்து மாறும். ஜப்பானிய மொழியில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். திரையில் கான்ஜியின் மேல் பெரும்பாலும் ஹிரகானாவில் சிறிய எழுத்தில் உச்சரிப்பு இருக்கும் என்பதால், உங்களுக்குத் தெரிந்த எழுத்தே போதும். கூடவே அயற்சொற்களை எழுதப் பயன்படும் கதகானா எழுத்துகளையும் கற்றுக்கொண்டால் அங்கும் இடறமாட்டீர்கள்.

பொறியைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது பாதிப் பயிற்சிக்குச் சமம். டாம், ஜாய்சவுண்ட் ஆகிய இரண்டு அமைப்புகளே எங்கும் காணப்படுகின்றன. இரண்டிலும் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி உண்டு. ஒரு முறை அழுத்தினால் அரைச்சுரம் இறங்கும். உச்சத்தில் குரல் உடைந்தால் இரண்டு அல்லது மூன்று படி இறக்கிப் பாருங்கள். அதற்கும் மேல் இறக்கினால் சரணத்தின் தாழ்ந்த சுரங்கள் முணுமுணுப்பாகிவிடக் கூடும் என்பதால், பல்லவியோடு நிறுத்தாமல் சரணத்தையும் பாடிச் சோதிக்க வேண்டும். ஒத்துவந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, விருந்தன்று பாட்டைப் பதியும்போதே அதையும் சேர்த்து இடுங்கள். மைக்கைப் பிடித்த பிறகு பொத்தானைத் தேடுவது பார்ப்பவர்க்கும் பதற்றம். சுருதி இறக்குவதை அங்கே யாரும் குறையாகக் கருதுவதில்லை.

இச்சோதனையைத் தனியாகச் செய்வதே நல்லது. தனியாளாகக் கரோக்கே செல்வதற்கு 'ஹிதோகரா' என்றே பெயர் உண்டு. வார நாள் பகலில் கட்டணமும் குறைவு. மெட்டை மெல்லிய கருவியொலியில் உடன் இசைக்கும் வழிகாட்டி ஒலியைத் தொடக்கத்தில் கூட்டி வைத்து, நாலைந்து முறை பாடியபின் அணைத்துவிடுங்கள். பாடியதற்குப் பொறியே மதிப்பெண் போடும் வசதியை விருந்தன்று நீங்களாக இயக்க வேண்டாம்.

இரண்டு பாட்டுகளைத் தயாராக வைத்திருப்பது அவசியம். ஒருவர் எப்போதும் பாடும் சொந்தப் பாட்டை 'ஓஹாகோ' என்பார்கள்; கபுகி நாடகக் குடும்பம் ஒன்று தன் பதினெட்டு நாடகங்களுக்குச் சொந்தம் கொண்டாடியதோடு தொடர்புடைய சொல் அது. மேலாளரின் ஓஹாகோ 'லிண்டா லிண்டா' என்றால், அதை அவருக்கு முன்பு நீங்கள் பாடிவிடக் கூடாது. முன்கூட்டியே ஒரு சகாவிடம் விசாரித்து வையுங்கள். மேலாளர் பாடும்போது கைத்தட்டித் தாளம் போடுங்கள். உங்கள் முறை வரும்போது ஒகினாவாப் பாட்டை எடுங்கள்.