‘ஃபார்மட் பண்ணியாச்சே, போதாதா?’: கணினி கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. வீட்டு மூலையில் கிடந்த கணினிகள் அதன்பிறகு விற்பனைக்குக் கிளம்பிவிட்டன. அதையொட்டி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கே: டெஸ்க்டாப்பை விற்கப் போகிறேன். 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க். சி, டி இரண்டையும் ஃபார்மட் செய்துவிட்டேன். இது போதாது, 35 தடவை அழிக்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா? (திண்டுக்கல் வாசகர்)

நீங்கள் செய்ததும் போதாது, அவர் சொல்வதும் தேவையில்லை.

ஃபார்மட் செய்யும்போது ‘குவிக் ஃபார்மட்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருக்கும். அது பத்து விநாடியில் முடிவதற்குக் காரணம், அது எதையும் அழிப்பதில்லை. புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டு, உள்ளே இருக்கும் பக்கங்களை அப்படியே விட்டுவைப்பதற்குச் சமம். ரெக்குவா, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பழைய படங்களும் பிடிஎஃப்களும் வரிசையாக எழுந்து வரும். டிக்கை எடுத்துவிட்டுச் செய்யும் முழு ஃபார்மட் வேறு. விண்டோஸ் விஸ்டா முதல் அது பார்ட்டிஷன் முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது.

35 தடவைக் கதை பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து டிஸ்க்குகளின் பலவிதப் பதிவு முறைகளுக்காகச் சொன்ன கணக்கு அது. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரே ஒரு முறை மேலெழுதினால் போதும்.

செய்யும் முறை: 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் நிறுவியை ஏற்றி, அதிலிருந்து கணினியைக் கிளப்புங்கள். முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஆணைத்திரை வரும். ‘டிஸ்க்பார்ட்’ கொடுத்து, ‘லிஸ்ட் டிஸ்க்’ மூலம் பட்டியலைப் பாருங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டும், பென் டிரைவும் அதே பட்டியலில் இருக்கும். கொள்ளளவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு ‘செலக்ட் டிஸ்க்’ என்பதோடு அதன் எண்ணைத் தந்து, பிறகு ‘கிளீன் ஆல்’. வெறும் ‘கிளீன்’ என்றால் மீண்டும் பொருளடக்கம் மட்டும்தான் போகும். ‘ஆல்’ என்ற அந்தச் சொல்தான் வேலையைச் செய்கிறது.

விநாடிக்கு 100 எம்பி வேகம் என்றால் 1 டெராபைட்டுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். பழைய டிஸ்க் என்றால் நான்கைத் தாண்டும். அதுவரை திரையில் ஒரு அசைவும் தெரியாது, தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். யுபிஎஸ் இருந்தால் நல்லது. நடுவில் மின்சாரம் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொன்று: பேக்கப் எடுத்த வெளி டிஸ்க்கை இந்த வேலைக்கு முன்பே கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். எண்ணை மாற்றி அடித்து பேக்கப்பையே அழிப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய விபத்து.

கே: என் லேப்டாப்பில் இருப்பது எஸ்எஸ்டி. அதற்கும் இதே முறைதானா? (திருநெல்வேலி வாசகி)

இல்லை. சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டி, நாம் எழுதச் சொன்ன இடத்திலேயே எழுதுவதில்லை. ஒரே செல்லில் திரும்பத் திரும்ப எழுதினால் தேய்ந்துவிடும் என்பதால், உள்ளிருக்கும் கன்ட்ரோலர் ஒவ்வொரு முறையும் வேறு இடம் தேடி எழுதும். அதோடு, நம் கண்ணுக்குத் தெரியாத கையிருப்புப் பகுதியும் உண்டு. 240 ஜிபி என்று விற்கும் எஸ்எஸ்டிக்குள் பெரும்பாலும் 256 ஜிபி சில்லு இருக்கும். ஆகவே மேலிருந்து பூஜ்யம் எழுதினால் எல்லா மூலைக்கும் போகும் என்ற உறுதி இல்லை, தேய்மானம் மட்டும் உறுதி.

சரியான வழி, அழிக்கும்படி கன்ட்ரோலருக்கே ஆணையிடுவது. அலுவலகங்களுக்கான ஹெச்பி, டெல், லெனோவோ மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் கிளம்பும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ‘செக்யூர் இரேஸ்’ அல்லது ‘டேட்டா வைப்’ இருக்கும். பல எஸ்எஸ்டிகளில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இல்லாவிட்டால் எஸ்எஸ்டி தயாரித்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் தேடுங்கள்.

இரண்டுமே கிடைக்காதவர்களுக்கு ஒரு நல்ல மாற்று: முதலில் டிரைவ் முழுவதையும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டுங்கள். ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருந்தால் அது. ‘பயன்படுத்திய இடம் மட்டும்’ என்று கேட்டால் வேண்டாம், முழு டிரைவும் என்று சொல்லுங்கள். அது முடிந்த பிறகு ரீசெட். பூட்டிய சாவி ரீசெட்டில் போய்விடுவதால், எங்காவது மிச்சம் கிடக்கும் துணுக்குகளும் வாசிக்க முடியாத குப்பைதான்.

ரீசெட்டுக்கு: செட்டிங்ஸ், சிஸ்டம் (விண்டோஸ் 10 என்றால் ‘அப்டேட் அண்ட் செக்யூரிட்டி’), ரெக்கவரி, ‘ரீசெட் திஸ் பிசி’, ‘ரிமூவ் எவரிதிங்’. அங்கே பலர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடம் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’. உள்ளே போய் ‘கிளீன் டேட்டா’வை ஆன் செய்ய வேண்டும். ‘எல்லா டிரைவ்களிலிருந்தும் அழி’ என்ற பொருளில் இன்னொன்று இருக்கும், அதையும். இதை விட்டால் சி மட்டும் சுத்தமாகும். குடும்பப் படங்கள் முழுக்க டி-யில் இருக்கும், அவை அப்படியே புது வீட்டுக்குக் குடிபோகும்.

கே: எங்கள் ஆடிட்டிங் அலுவலகத்தில் மூன்று கணினிகளை மாற்றுகிறோம். டேலி, டிஜிட்டல் கையெழுத்து, வாடிக்கையாளர் கோப்புகள் எல்லாம் உள்ளன. எதை முதலில் செய்வது? (ஈரோடு வாசகி)

முதல் வேலை, கணக்கு மென்பொருளான டேலியின் உரிமத்தை ஒப்படைப்பது. அந்த உரிமம் கணினியோடு கட்டப்பட்டது. டேலி பிரைமில் எஃப்1 அழுத்தி, செட்டிங்ஸ், லைசென்ஸ், ‘சரண்டர்’. இணைய இணைப்பு வேண்டும். மறந்து ஃபார்மட் செய்துவிட்டால் புதுக் கணினியில் உரிமம் ஏறாது. டேலி விற்ற பார்ட்னரைக் கூப்பிட்டு, சீரியல் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் கொடுத்து மீட்க வேண்டிவரும். மார்ச் கடைசியில் அந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம். அடோபி, ஆட்டோகேட் போன்றவற்றிலும் விற்கும் முன் வெளியேறிவிடுங்கள்.

அடுத்து டேட்டா. டேலியின் டேட்டா கோப்புறைக்குள் ஒவ்வொரு நிறுவனமும் எண்ணைப் பெயராகக் கொண்ட தனிக் கோப்புறையில் இருக்கும். அந்த டேட்டா கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை நிறுவனத்தைத் தேர்வு செய்யும் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். நகலெடுத்தால் மட்டும் போதாது. புதுக் கணினியில் திறந்து, ஒரு நிறுவனத்தின் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்த பிறகே பழையதில் கைவையுங்கள்.

டிஜிட்டல் கையெழுத்து யுஎஸ்பி டோக்கனில் இருந்தால் டோக்கனைக் கழற்றிக்கொண்டால் முடிந்தது. உண்மையான ஆபத்து டவுன்லோட்ஸ் கோப்புறையில் இருக்கிறது: வாடிக்கையாளர்களின் ஆதார் பிடிஎஃப், பான் நகல், படிவம் 16, வங்கிக் கணக்கு அறிக்கை. யாரும் நினைத்து அழிப்பதில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. குரோமில் கணக்கு உள்நுழைந்து ஒத்திசைவு ஓடும் நிலையில் ‘பிரவுசிங் டேட்டா’வை அழித்து, கடவுச்சொற்களுக்கும் டிக் போட்டால், அவை உங்கள் ஃபோனிலிருந்தும் போய்விடும். மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவும் அப்படியே. அதில் ஒத்திசையும் டெஸ்க்டாப் கோப்புகளை அழித்தால் இணையத்தில் இருப்பதும் அழியும். ஆகவே கையால் ஒவ்வொன்றாக அழிக்கவே அழிக்காதீர்கள். முதலில் ஒன்டிரைவை ‘அன்லிங்க்’ செய்யுங்கள், குரோமிலிருந்து வெளியேறுங்கள், ஃபோனில் வாட்ஸ்அப்பின் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பட்டியலில் அந்தக் கணினியை நீக்குங்கள். பிறகு டிஸ்க்கை மொத்தமாகத் துடையுங்கள். கடைசியாக மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் ‘டிவைசஸ்’ பகுதியிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

மூன்று கணினியையும் டிஸ்க் இல்லாமலே விற்பது இதைவிட எளிது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு வாங்குபவர் தரும் கூடுதல் தொகை அற்பம். வாடிக்கையாளர் ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்கு எங்கள் பரிந்துரை இதுதான். ரேமைக் கழற்ற வேண்டாம். மின்சாரம் போனால் அதில் இருப்பதும் போய்விடும்.

கே: இருபது வருடமாக பாமினியில் தட்டச்சு செய்த கட்டுரைகள் உள்ளன. வேர்டு கோப்புகளை நகலெடுத்தால் போதுமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

போதாது, எழுத்துருவையும் எடுக்க வேண்டும். பாமினி கோப்பில் உண்மையில் இருப்பது தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகள். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் போடுகிறது. புதுக் கணினியில் பாமினி இல்லையென்றால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். கண்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து, கட்டுரைகளில் உள்ள எல்லாத் தமிழ் எழுத்துருக்களையும் நகலெடுங்கள். ஒரே கோப்பில் பாமினியும் வானவில்லும் கலந்திருப்பது வழக்கம், குறியீடுகள் வெவ்வேறு. முக்கியமானவற்றை எழுத்துரு மாற்றி மென்பொருளில் இட்டு யூனிகோடாக்கி, அசலையும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கணினி கையில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் சேமித்தால், மாற்றத்தில் எங்கே பிழை என்று ஒப்பிட உதவும்.

கே: ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப். குறுக்குவழியில் விண்டோஸ் 11 போட்டால் விலை கூடும் என்கிறார்கள். போடலாமா? (கோவை வாசகர்)

வேண்டாம். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகள், ஓரிரு விதிவிலக்கு தவிர, மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லான டிபிஎம் 2.0 இருக்கிறதா என்ற சோதனையைத் தாண்டி நிறுவ முடியும்தான். ஆனால் அப்டேட்டுகள் கிடைக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. ஒரு பெரிய அப்டேட் ஏற மறுக்கும் நாளில் வாங்கியவர் உங்களைத்தான் கூப்பிடுவார். விண்டோஸ் 10 தான் இருக்கிறது, அதற்கு அப்டேட் நின்றுவிட்டது என்று சொல்லி விற்கலாம். அல்லது இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் நிறுவித் தரலாம். இணையம், கடிதம், படம் பார்ப்பது போன்றவற்றுக்கு அந்த இயந்திரம் இன்னும் சில ஆண்டு ஓடும். ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போட்டுக் கொடுங்கள், வாங்க வருபவர் முதலில் பார்ப்பது எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது என்பதைத்தான். ரேமுக்குச் செலவழித்தால் அந்தக் காசு திரும்புவது அரிது.

கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் கணினியோடே போகும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களில் அதன் சாவி மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பை மறுபடி நிறுவினால் தானே எடுத்துக்கொள்ளும்.

வாங்குபவருக்கு ஓட்டிக் காட்ட வேண்டும், ஆனால் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கக் கூடாது என்றால்: ரீசெட்டுக்குப் பின் நாட்டைக் கேட்கும் திரையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் அழுத்துங்கள். ‘ஆடிட் மோடு’ என்ற நிலையில் டெஸ்க்டாப் திறக்கும். ஒலி, கேமரா, கீபோர்டு எல்லாம் காட்டலாம். இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள், ஸ்டோர் செயலிகள் அப்டேட் ஆகிவிட்டால் அடுத்த படி சிக்கலாகும். முடிந்ததும் திரையில் நிற்கும் ‘சிஸ்பிரெப்’ பெட்டியில் முதல்முறை வரவேற்பு நிலையையும் ‘ஷட்டவுன்’ என்பதையும் தேர்வு செய்யுங்கள். அடுத்து திறப்பவருக்குப் புதுக் கணினி போலவே வரவேற்பு வரும்.

பயாஸில் கடவுச்சொல் போட்டிருந்தால் நினைவிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் கடவுச்சொல் மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது லெனோவோ.

கே: போன மாதம் மேக்புக்கை விற்றேன். ‘ஆக்டிவேஷன் லாக்’ கேட்கிறது, ஆப்பிள் கடவுச்சொல்லைத் தாருங்கள் என்கிறார் வாங்கியவர். கொடுக்கலாமா? (சென்னை வாசகி)

கூடாது, கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஐகிளவுட் இணையதளத்தில் உள்நுழைந்து, ‘ஃபைண்ட் டிவைசஸ்’ பட்டியலில் அந்த மேக்கை அழித்துவிட்டு, கணக்கிலிருந்து நீக்குங்கள். பூட்டு விலகிவிடும். விற்கப் போகிறவர்களுக்கு: ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சில்லு உள்ள மேக்கில், மான்டரே முதல் ‘இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்’ இருக்கிறது. அது ஒன்றே கணக்கையும் பூட்டையும் தரவையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

கே: சுத்தம் செய்து கொடுத்தால் விலை கூடுமா? பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று எப்படிக் காட்டுவது? (மதுரை வாசகர்)

ஆணைத்திரையில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்றடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு ‘பேட்டரிரிப்போர்ட்’ என்று சேர்த்து அடியுங்கள். அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழு சார்ஜ் கொள்ளளவும் இருக்கும். முன்னது 41,000, பின்னது 24,600 என்றால் 60 சதவீதம். இதை ரீசெட்டுக்கு முன்பே எடுத்து அச்சிட்டுவையுங்கள், ரீசெட்டில் பழைய வரலாறு போய்விடும். கூடவே கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் டிஸ்க்கின் நிலையையும் படமெடுங்கள். காத்திருக்கும் செக்டார், சரிசெய்ய முடியாத செக்டார் என்ற வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் அந்த ஹார்ட் டிஸ்க்கை விற்காதீர்கள்.

தூசை ப்ளோயரால் ஊதும்போது மின்விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழலவிட்டால் பேரிங் கெடும். டெஸ்க்டாப் பிராசசரின் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதிதாக வையுங்கள், பூசித் தேய்க்க வேண்டாம். அணைத்து எழுப்பும்போதெல்லாம் தேதி பின்னோக்கிப் போகிறதென்றால் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். திரைக்குக் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், அமோனியா கலந்தது பூச்சைக் கெடுக்கும். நீர் தொட்ட மைக்ரோஃபைபர் துணி போதும்.

டச்பேட் மேலெழும்பியிருந்தால், அல்லது மூடி சரியாகப் பொருந்தவில்லையென்றால், பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தி, சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்லி, மின்கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் கொடுங்கள். பேட்டரி இல்லாமல் அடாப்டரில் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடினால் அப்படியே சொல்லி விற்கலாம்.