டில்லமுக் காட்டில் பெட்டி தேடலாமா? ஜியோகேச்சிங், காட்டுத்தீ: கேள்வி பதில்

ஹில்ஸ்பரோ வாசகர்: அக்கா, ஜியோகேச்சிங் என்பது என்ன? காட்டுத்தீத் தடுப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

ஒருவர் சிறு பெட்டியை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையோடு தேடி எடுத்து, உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுத் திரும்ப வைப்பார்கள். இந்த விளையாட்டு 2000 மே மாதம் பிறந்ததே அமெரிக்காவில் இருக்கும் நம் ஒரிகன் மாநிலத்தில்தான். தீ எச்சரிக்கைப் பலகையைப் பார்க்காமலே கடந்துபோகிறவர்கள்கூட, அலைந்து கண்டுபிடித்த பெட்டிக்குள் தீத் தடுப்பு பற்றி நான்கு வரி எழுதி வைத்தால் படிக்காமல் விடமாட்டார்கள்.

பீவர்ட்டன் வாசகர்: அப்படிப் பெட்டி வைக்க ஒரிகனின் டில்லமுக் அரசுக் காடு ஏன்?

அங்கே தீயின் தடம் இன்னும் மண்ணிலேயே கிடக்கிறது. 1933 ஆகஸ்ட் 14 அன்று, மரம் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் தீப்பிடித்தது. இழுத்துவரப்பட்ட மரம் காய்ந்த மரத்தில் உரசியதுதான் காரணம் என்பார்கள். பத்து நாள்வரை சுமார் 40,000 ஏக்கரோடு இருந்த தீ, கிழக்குக் காற்று எழுந்ததும் ஏறக்குறைய 20 மணி நேரத்தில் இன்னும் 2,00,000 ஏக்கரை விழுங்கியது. 1939, 1945, 1951 என ஆறாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் எரிந்தது. 1949 முதல் சுமார் 7.2 கோடி நாற்றுகளை நட்டு மீட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் மலையேறி வந்து நட்டார்கள். 1973இல்தான் அது அரசுக் காடாக அறிவிக்கப்பட்டது.

ஆகவே, பெட்டியைக் கருகிய பழைய அடிக்கட்டை ஒன்றின் அருகே, பாதையை ஒட்டியே வையுங்கள். பாசி படராத பக்கத்தை விரலால் தேய்த்தால் கரி ஒட்டும். அந்தக் கறுப்பு விரலைப் பார்க்கும் பிள்ளை தானாகவே கேள்வி கேட்கும்.

போர்ட்லாந்து வாசகர்: பெட்டிக்குள் என்ன வைக்கலாம்?

தீக்குச்சி, லைட்டர், உணவு எதுவும் கூடாது. முகாமில் மூட்டிய நெருப்பை அணைக்கும் முறையை ஒரு அட்டையில் எழுதி வையுங்கள்: தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார், சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை. மண்ணைப் போட்டு மூடுவதை நம்பவே வேண்டாம், அடியில் கனன்றுகொண்டே இருக்கும்.

சேலம் (ஒரிகன்) வாசகர்: புதைத்து வைக்கலாமா?

கூடாது. புதைக்காமல் வைப்பதற்கும் நில நிர்வாகியின் அனுமதி வேண்டும்.

பீவர்ட்டன் வாசகர்: ஆட்களைக் காட்டுக்குள் அழைத்தால் தீ ஆபத்து அதிகமாகாதா அக்கா?

நியாயமான அச்சம், தம்பி. ஒரிகனில் பெரும்பாலான காட்டுத்தீ மனிதரால்தான் மூள்கிறது. எனவே கோடையில் தீக் கட்டுப்பாடுகள் கடுமையானால், பெட்டிக்கான இணையப் பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கி, காரணத்தையும் அங்கேயே எழுதுங்கள். அதைப் படிப்பதும் ஒரு பாடம்தான். காரைக் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். அடியிலிருக்கும் புகைக்குழாயின் சூடே புல்லைப் பற்றவைக்கப் போதும். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனெனில் நடந்து வருகிற வழியில் கவனமாக இருப்பவர்கள்கூட வண்டி நிறுத்துமிடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

ஹில்ஸ்பரோ வாசகர்: குழந்தைகளோடு எங்கே தொடங்கலாம்?

ஆறாம் எண் நெடுஞ்சாலையில் இருக்கும் டில்லமுக் வன மையத்தில். தீக் கண்காணிப்புக் கோபுரத்தின் மாதிரி ஒன்று அங்கே 40 அடி உயரத்தில் நிற்கிறது. ஏறிப் பார்த்துவிட்டு, வில்சன் ஆற்றின் தொங்குபாலத்தைக் கடந்து நடைபாதையில் இறங்குங்கள். திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.