85,000 ரூபாய் கட்டினால் வளைகுடா வேலை உறுதியா?

கேள்வி: என் மகன் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் டிப்ளமா முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். திருச்சியில் ஒரு பயிற்சி மையம், 'ஓ.எஸ்.பி. இன்ஜினியர்' என்று 45 நாள் கோர்ஸ் நடத்துகிறது. கட்டணம் 85,000 ரூபாய். முடித்ததும் வளைகுடாவில் வேலை உறுதி என்கிறார்கள். சேரும்போதே டிப்ளமா ஒரிஜினலைக் கொடுத்துவிட வேண்டுமாம். என் அண்ணன், 'அது ரோட்டில் பள்ளம் தோண்டுகிற வேலை' என்கிறார். வளையலை அடகு வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா? கட்டலாமா? (வாசகி, லால்குடி)

பதில்: அம்மா, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் கட்டாதீர்கள். ஒரிஜினல் சான்றிதழை எந்தப் பயிற்சி மையத்திடமும் கொடுக்காதீர்கள். ஆனால் மகனை இந்தத் தொழிலிலிருந்து தடுக்கவும் வேண்டாம். நாற்பது வருடம் இதில் இருந்தவன் சொல்கிறேன், இது நல்ல தொழில்.

உங்கள் அண்ணன் சொல்வது பாதி உண்மை. ஓ.எஸ்.பி. என்றால் அவுட்சைட் பிளான்ட். தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் தொடங்கி உங்கள் வீட்டுச் சுவர் வரைக்கும் இருக்கிற எல்லாமே அதில் அடக்கம்: கேபிள், குழாய், மேன்ஹோல், கம்பம், வீடுகளுக்கு இணைப்பைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டி. தொலைபேசித் துறையில் நாங்கள் 'எக்ஸ்டர்னல்' என்போம். பள்ளம் அதன் தொடக்கம் மட்டுமே. எங்கே தோண்டுவது, குடிநீர்க் குழாய்க்கும் மின்கேபிளுக்கும் எவ்வளவு தள்ளிப் போவது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டும். எங்கள் கணக்கில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், 1.65 மீட்டர் ஆழத்தில் படுக்க வேண்டும். ஆள் பார்க்காவிட்டால் ஒப்பந்ததாரர் அரை மீட்டரில் மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். அங்கே டேப் வைத்து அளந்து, 'இன்னும் தோண்டுங்கள்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். கேபிளை இழுக்க, இழைகளை ஒட்ட, சோதிக்க, போட்ட பாதையை வரைபடத்தில் ஏற்ற என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும்.

நான் 1983-ல் சேர்ந்தபோது அஞ்சலும் தந்தியும் ஒரே துறையாக இருந்தன. ஈயக் கவசம் போட்ட கேபிள், உள்ளே காகிதம் சுற்றிய செம்புக் கம்பிகள். கொஞ்சம் ஈரம் உள்ளே போனால் போதும், ஒரு தெருவே ஊமையாகிவிடும். மழைக்கால இரவுகளில் மேன்ஹோல் ஓரத்தில், கேபிளை ஒட்டும் ஜாயின்ட்டர்களோடு உட்கார்ந்துதான் தொழில் கற்றேன். அப்புறம் ஜெல்லி நிரப்பிய கேபிள் வந்தது. அதில் கம்பிகளை நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்ற நிற வரிசையில் எண்ணினோம். பிறகு கண்ணாடி இழை வந்தது. அதிலும் முதல் ஐந்து நிறங்கள் அதே வரிசைதான். 2000 அக்டோபரில் துறையின் வேலைகள் பி.எஸ்.என்.எல். கைக்குப் போயின. சில வருடம் கழித்து நான் தனியார் நிறுவனத்துக்கு மாறினேன், வளைகுடாவில் ஆறு வருடம் இருந்தேன், திரும்பி வந்து கிராமங்களுக்கு ஃபைபர் போக ரூட் சர்வே பார்த்தேன். ரயில்பாதைக்கு அடியில் துளை போடுவது, பாலத்தின் விலாவில் குழாயைப் பொருத்துவது, நெடுஞ்சாலை அலுவலகத்தில் அனுமதிக்காகக் காத்திருப்பது என்று வேலை மாறிக்கொண்டே இருந்தது. செம்பு போய்க் கண்ணாடி வந்தபோதும் எனக்கு வேலை போகவில்லை, ஏனென்றால் தெருவும் பள்ளமும் குழாயும் அப்படியேதான் இருந்தன.

எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 12,525 கிராம ஊராட்சிகளுக்கு ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. நாடு முழுவதற்குமான பாரத்நெட் திட்டத்தை விரிவாக்க 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை ஏறக்குறைய 1.39 லட்சம் கோடி ரூபாய். செல்போன் கோபுரத்துக்கும் கடைசியில் ஃபைபர்தான் வேண்டும். போட்ட கேபிளை ஜே.சி.பி. அறுத்துக்கொண்டே இருக்கும், அதை ஒட்ட ஆளும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். கேட்காமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்கு 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று அரசே சொன்னது. 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யு டிக்' என்று ஒரு செயலியே கொண்டுவந்தார்கள். செயலி வந்து என்ன? இன்றும் ஒரு துறை சாலை போட்ட மறுவாரம் இன்னொரு துறை அதே சாலையைத் தோண்டுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களில் இருக்கும் அலுவலகங்கள் ஒன்றையொன்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிச்சம்.

சரி, அந்த 45 நாள் கோர்ஸுக்கு வருவோம். அதில் முக்கியமாகச் சொல்லித்தருவதாகச் சொல்வது ஸ்ப்ளைசிங், அதாவது இழையை ஒட்டுவது. கண்ணாடி இழை தலைமுடி மாதிரி இருக்கும், 125 மைக்ரான் கனம். அதற்குள் வெளிச்சம் போகும் நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். அறுந்த இரண்டு முனைகளிலும் மேலுறையை உரித்து, ஆல்கஹாலால் துடைத்து, கிளீவர் என்ற கருவியால் நேராக வெட்டி, மெஷினில் எதிரெதிரே வைத்தால் மின்பொறியில் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். மெஷின் தானே செய்கிறது, இதில் என்ன வித்தை என்று தோன்றும். துடைப்பதிலும் வெட்டுவதிலும்தான் வித்தை இருக்கிறது. தூசி ஒட்டினாலோ வெட்டு கோணினாலோ வெளிச்சம் அங்கேயே கசியும். பையன் முந்நூறு, நானூறு முறை செய்தால்தான் கை படியும். ஏ.சி. அறையில் மேசை மேல் செய்வது வேறு, சாலையோரம் குடை பிடித்துக்கொண்டு லாரி அடிக்கும் புழுதியில் செய்வது வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் முப்பது பையன்களுக்கு ஒரு மெஷின் இருந்தது. ஒருவனுக்கு மொத்தம் ஆறு ஒட்டு கிடைத்திருந்தால் அதிகம். அப்படிப் படித்து வந்த ஒரு பிள்ளை என் சைட்டில் முதல் நாள் இழையை வெட்டிவிட்டு, உடைந்த கண்ணாடித் துணுக்கைச் சட்டையில் தட்டிவிட்டான். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துணுக்கு விரலில் ஏறும், கண்ணில் போனால் ஆபத்து. கறுப்பு விரிப்பில் வேலை செய், துணுக்கைத் தனி டப்பாவில் போடு என்பதுதான் முதல் நாள் பாடமாக இருக்க வேண்டும். அதைக்கூட அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கையில் மட்டும் தங்க முத்திரை அடித்த சான்றிதழ்.

நேரில் போனால் நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். என் மகன் தன் கையால் எத்தனை ஒட்டு போடுவான்? இழையில் பழுது எங்கே என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். என்ற சோதனைக் கருவியை அவனே இயக்குவானா, பார்வையாளனா? போன வருடம் வேலைக்குப் போன இரண்டு பையன்களோடு போனில் பேச முடியுமா? மூன்றாவது கேள்விக்கு முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது வளைகுடா. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவரும் வேலைக்குப் போகிறவரிடம் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதும் கொடுக்க வேண்டும். அவர் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று உங்கள் மகன் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பயிற்சி மையம் என்று பலகை வைத்துக்கொண்டு, பதிவு இல்லாமல் வேலைக்கும் பணம் பிடிப்பவர்கள்தான் இந்தத் தொழிலைக் கெடுக்கிறவர்கள். 30,000 ரூபாய் உச்சவரம்பைத் தாண்டத்தான் 'கோர்ஸ் ஃபீஸ்' என்று பெயர் வைக்கிறார்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பிள்ளைகள் அதிகம் விழுவது அந்தக் குழியில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமான், அமீரகம் போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்காக ஒப்பந்தம், சம்பளம், முதலாளி எல்லாம் ஒருமுறை அரசின் பார்வைக்கு வருகின்றன. உங்கள் மகன் டிப்ளமா படித்தவர், அவருக்கு ஈ.சி.என்.ஆர். பாஸ்போர்ட். அனுமதி தேவையில்லை. கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி தேவையில்லை என்றால், அவர் ஒப்பந்தத்தை யாரும் பார்க்கவும் போவதில்லை. படிக்காதவருக்குப் போட்ட வேலி படித்தவருக்கு இல்லை. தரகர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்: 'உங்க பையனுக்கு கிளியரன்ஸே வேண்டாம்மா, விசிட் விசாவில் போகட்டும், அங்கே மாற்றிக்கொள்ளலாம்.' விசிட் விசாவில் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் அபராதம் கட்டுவதும் ஊர் திரும்புவதும் பையன்தான், தரகர் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். அனுமதி வேண்டாம் என்ற சலுகை உங்கள் மகனுக்கு மட்டுமே. ஆள் சேர்ப்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி அவரை விடாது. 'ஈ.சி.என்.ஆர். கேஸுக்கு லைசென்ஸ் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் அது பொய். வேலை விசா கையில் வந்து, ஒப்பந்தத்தில் பதவியும் சம்பளமும் எழுதப்பட்டிருந்தால் மட்டும் விமானம். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. தமிழக அரசின் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷனும் இருக்கிறது. இவை இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒவ்வொரு பாலிடெக்னிக் வாசலிலும் பலகை வைத்திருக்க வேண்டிய தகவல் இது.

அனுபவம் இல்லாத பையனை அங்கே எடுப்பதும் அரிது. எடுத்தால் ஹெல்பராகத்தான் எடுப்பார்கள். இரண்டு மூன்று வருடம் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போனால் டெக்னீஷியனாகப் போகலாம், சம்பளமும் மரியாதையும் வேறு.

அதனால் இங்கேயே தொடங்கட்டும். திருச்சியில் வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்களின் பராமரிப்புக் குழுவில் ஆறு மாதம் உதவியாளராகச் சேரட்டும். சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் கேபிள் அறுந்த இடத்துக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஓடும் அந்தக் குழுதான் உண்மையான பள்ளிக்கூடம். மத்திய அரசின் தொழில் பழகுநர் பயிற்சியும் டிப்ளமாகாரர்களுக்கு உண்டு. பணம் கட்ட வேண்டாம், அவர்கள்தான் உதவித்தொகை தருவார்கள். அந்தப் பயிற்சிக்கான தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் ஒரு நோட்டில் தினமும் எழுதி வரட்டும்: எந்த ரூட், எத்தனை ஒட்டு, ஓ.டி.டி.ஆரில் என்ன காட்டியது. நான் ஆள் எடுத்த காலத்தில் அப்படி ஒரு நோட்டைக் கொண்டுவந்த பையனைத் திருப்பி அனுப்பியதே இல்லை. மாலையில் நேரம் கிடைத்தால் கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளைக் கற்கட்டும், அது இலவசம். முதுகு வலிக்கும் வயதில் களத்திலிருந்து மேசைக்கு வர அதுதான் உதவும்.

ஒப்பந்ததாரர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வேலையை ஒருவர் எடுப்பார், அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார், அவர் மூன்றாமவருக்கு. கடைசியில் இருப்பவரிடம் கூலி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே டெண்டர் என்று வைத்திருக்கும்வரை இது மாறாது. என்னோடு வேலை பார்த்த பதினொரு பிள்ளைகளுக்கு ஒருமுறை நான்கு மாதக் கூலி நின்றது. எத்தனை நடை நடந்தும் பாதிதான் வாங்கித்தர முடிந்தது. அதனால் சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று சேரும்போதே கேட்க வேண்டும். காற்றுச் சோதனை செய்யாமல் மேன்ஹோலில் இறங்கச் சொன்னால், பெல்ட் இல்லாமல் மின்கம்பத்தில் ஏறச் சொன்னால், முதல் நாளாக இருந்தாலும் மறுக்கட்டும். அப்படிப் போன உயிர்களை நான் அறிவேன்.

2020 ஜனவரி 31-ஆம் தேதி பி.எஸ்.என்.எல்.லிலிருந்து ஏறக்குறைய 78,000 பேர் விருப்ப ஓய்வில் போனார்கள். கேபிளைத் தொட்டே பழுது சொல்லக்கூடிய ஜாயின்ட்டர்கள் அதில் எத்தனையோ பேர். அந்தக் கைத்திறனை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க இந்த நாட்டில் உருப்படியான ஏற்பாடு இல்லை. அந்த இடத்தில்தான் 85,000 ரூபாய் மையங்கள் கடை விரிக்கின்றன. லால்குடி பக்கத்திலேயே அப்படி ஓய்வு பெற்ற ஒரு ஜாயின்ட்டரோ லைன்மேனோ இருப்பார். தேடிப் பாருங்கள். மகனை அவரிடம் அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பக்கத்துக் கண் மருத்துவமனையில் மகனுக்கு நிறப் பார்வைச் சோதனை செய்துவிடுங்கள். இந்த வேலையில் இழையை நிறம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரிந்தால், தவறான இழை தவறான இடத்தில் ஒட்டும். அப்படி இருந்தாலும் சர்வே, வரைபடம், அனுமதி வேலை என்று வேறு பக்கம் போகலாம், ஆனால் முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கடிதம் வருவதற்குள் ஒரிஜினலைக் கொடுத்திருந்தால், நாளைக்கே போய் எழுத்து மூலம் திருப்பிக் கேளுங்கள், அந்தக் கடிதத்தைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இழுத்தடித்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போக வேண்டாம், உங்கள் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.