கேள்வி – பதில்: கூச்சமா, வெட்கமா, பயமா?

கேள்வி: வீட்டுக்கு யார் வந்தாலும் என் பேத்தி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். 'பயப்படுறா' என்கிறார் என் கணவர். 'வெட்கம்' என்கிறேன் நான். பர்மியப் பெண்ணான மருமகளோ 'ஷெத்தே' என்று முடித்துவிடுகிறாள். எது சரி ஐயா?
– வாசகி, யாங்கோன்

பதில்: கதவுக்குப் பின்னாலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறாளா அம்மா? அப்படியானால் அது கூச்சம். பயந்த பிள்ளை எட்டிப் பார்க்காது. மிரள மிரள விழிக்கும், அம்மாவின் தமேனைப் (பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் லுங்கி) பிடித்த பிடியை விடாது. வெயிலில் கண் கூசும், ஐஸ் பட்டால் பல் கூசும். யாரும் வேண்டுமென்று கூசுவதில்லை. வெட்கத்திலோ 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்பது கலந்திருக்கும். கல்யாணப் பேச்செடுத்தால் தலை குனிவதும் வெட்கம்தான், திருடி மாட்டிக்கொண்டு குனிவதும் வெட்கம்தான். வள்ளுவர் இவற்றைப் பிரித்தே வைத்தார்: 'கருமத்தான் நாணுதல் நாணு' (தகாத செயலுக்கு வெட்கப்படுவதே நாணம்) என்று 1011-ஆம் குறளைத் தொடங்கி, பெண்களின் நாணம் வேறு வகை என்று முடிக்கிறார். 'ஷெத்தே' கூச்சம், வெட்கம் இரண்டுக்கும் பொது. மருமகள் சொன்னதில் தப்பில்லை.

விருந்தாளி நீட்டும் பலகாரத்தை மட்டும் வாங்க மறுக்கிறாள் என்றால், அது பர்மியர் சொல்லும் 'ஆனாடெ'யாகவும் இருக்கலாம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமோ என்ற அந்தத் தயக்கத்துக்குத் தமிழில் 'சங்கடம்' கிட்டத்தட்டப் பொருந்தும். எங்கள் வீட்டில் தமிழ் பேசும்போதும் 'ஆனாடெயா இருக்கு' என்றுதான் வருகிறது.

எதையாவது உடைத்துவிட்டு ஒளிந்தால் அதற்குப் பெயர் பம்முவது. எதற்கும் பூச்சாடியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கோழை, பயந்தாங்கொள்ளி, தொடைநடுங்கி எல்லாம் ஒன்றுதானே?
– வாசகர், மோல்மீன்

பதில்: இல்லை. பல்லிக்கு அலறும் தம்பியை 'பயந்தாங்கொள்ளி' என்பாள் அக்கா. அவனும் சேர்ந்து சிரிப்பான். 'தொடைநடுங்கி' என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவான். 'கோழை' மேடைக்கும் கதைக்கும் சரி; வீட்டில் சொன்னால் நெஞ்சுச் சளி என்று தைலம் எடுத்து வருவார்கள். பிள்ளைகளுக்கு இந்த மூன்றுமே வேண்டாம். தமிழ்ப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பர்மியப் பெயர் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டைச் சுமக்கிறார்கள். மூன்றாவது எதற்கு?

கேள்வி: 'பயம்' வடசொல்லாமே! 'அச்சம்' என்றே பேச வேண்டாமா?
– வாசகர், தட்டோன்

பதில்: வடசொல்தான். எழுத்தில் 'அச்சம்' தாராளமாக எழுதுங்கள். ஆனால் தெருநாய் துரத்தும்போது 'எனக்கு அச்சமாக இருக்கிறது' என்று கத்திக்கொண்டு ஓடினால், நாயே நின்று பார்க்கும்.