ரெண்டு தடவ கலைஞ்சிருச்சு, அம்மா உடம்பே கொழந்தைய வெளிய தள்ளுதா? ஸ்டெம் செல் ஊசி போடலாமா?

இப்படிக் கேட்டவங்களுக்கு கோபியிலிருந்து பதில் எழுதறேனுங்க. கொழந்தைல பாதி அப்பாவோட ஜீன், அப்ப வேறொருத்தர் கிட்னிய வெச்சா தள்ளற உடம்பு இத மட்டும் ஏன் பத்து மாசம் தாங்குதுன்னு 1953லயே பீட்டர் மெடவார்ங்கற விஞ்ஞானி கேட்டுட்டாரு. நஞ்சுக்கொடியோட வெளி செல்லுங்க இது யாரோட செல்லுன்னு காட்டற வழக்கமான ஹெச்எல்ஏ ஏ, பி அடையாளப் புரதத்தக் காட்டாம ஹெச்எல்ஏ ஜின்னு ஒண்ணக் காட்டுது, அதனால கர்ப்பப்பைல இருக்கற என்கேங்கற எதிர்ப்புச் சக்தி செல்லு அடிக்காம ஒத்துப்போகுது, கூடவே ட்ரெக்ங்கற அடக்கி வெக்கற செல்லு மத்த எதிர்ப்புச் செல்லுங்கள அதட்டி வெக்குது (2025 மருத்துவ நோபல் இந்த செல்லு சமாச்சாரத்துக்குத்தானுங்க). கொழந்தையோட ஸ்டெம் செல்லு (வேற வேற செல்லா மாறக்கூடிய மூல செல்லு) கொஞ்சம் அம்மா ரத்தத்துல கலந்து பல வருசம் தங்கிருது, அதையும் உடம்பு ஒண்ணுஞ் செய்யறதில்ல.

ஆனா முதல் மூணு மாசத்துல கலையறதுல ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறுங்க, அதுக்கு எதிர்ப்புச் சக்தியும் காரணமில்ல, பப்பாளியும் காரணமில்ல, அம்மிணிய யாரும் திட்ட வேண்டாம்னு வீட்ல சொல்லிருங்க. ரெண்டு தடவ ஆயிருச்சுங்கறதால டாக்டர்கிட்ட ஆன்டிபாஸ்போலிப்பிட் டெஸ்ட் (ரத்தத்த உறைய வெக்கற தப்பான எதிர்ப்புப் புரதம் இருக்கான்னு பாக்கற ரத்த டெஸ்ட்) கேளுங்க, 12 வாரம் விட்டு மறுக்காப் பாத்தும் பாசிட்டிவ்னா ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின், ஹெபாரின் குடுப்பாங்க, அதுக்கு நல்ல பலன் இருக்குதுங்க. தைராய்டு, கர்ப்பப்பை ஸ்கேனும் பாத்துக்கங்க. ஸ்டெம் செல் ஊசி இதுக்கு நிரூபிச்ச வைத்தியம் இல்லீங்க, காசக் கட்டிராதீங்க.