தாஸ்காவில் கச்சாங் ஒவ்வாமைப் பிள்ளை: ஆயாக்களை எப்படிப் பழக்குவது?

செம்பனைத் தோட்டத்து டவுனில் தாஸ்கா (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) நடத்துகிறீர்கள், கச்சாங் (நிலக்கடலை) ஒத்துக்கொள்ளாத மூன்று வயதுப் பிள்ளை சேரப்போகிறது, ஆயாக்களை எப்படித் தயார்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டர் அட்ரினலின் பேனா, அதாவது கடும் ஒவ்வாமைக்கு உடனே குத்தும் ஊசிப் பேனா, எழுதிக் கொடுத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதல் வேலை அதுதான்.

ஊசி போடத் தெரியாததைவிட, "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து. தடிப்பு வந்தால்தான் ஒவ்வாமை என்று ஆயாக்கள் நினைப்பார்கள். தடிப்பே இல்லாமலும் வரும். சாப்பிட்ட சற்று நேரத்தில் குரல் கம்மினாலோ, இருமல் விடாவிட்டாலோ, மூச்சு இழுத்தாலோ, பிள்ளை திடீரென்று துவண்டாலோ உடனே பேனா. தடிப்போடு வாந்தி சேர்ந்தாலும் பேனாதான். பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமை சிரப் அரிப்பைத்தான் தணிக்கும், அடைக்கிற தொண்டையைத் திறக்காது.

பயிற்சிப் பேனா ஒன்று வாங்குங்கள். ஊசியும் மருந்தும் இல்லாதது. ஒவ்வொரு ஆயாவும் கையில் பிடித்துப் பழக வேண்டும். எப்பிபென் (EpiPen) வகைப் பேனா என்றால் நீல மூடியைப் பிடுங்கி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுவில், காற்சட்டை மேலேயே அழுத்தி, 'டக்' என்றதும் 3 விநாடி பிடிக்க வேண்டும். கட்டைவிரலை முனையில் வைக்கக்கூடாது. திருப்பிப் பிடித்து விரலிலேயே குத்திக்கொள்வது நடக்கிறது. பிள்ளை உதைத்தால் ஊசி தோலைக் கிழிக்கும், அதனால் காலை இறுக்கிப் பிடிப்பதையும் சேர்த்தே பழக்குங்கள். 15 முதல் 30 கிலோவுக்கு 0.15 மில்லிகிராம். அதற்கும் குறைந்த எடை என்றால் டாக்டர் சொல்வதுதான்.

ஒருவர் பேனா போடும்போதே இன்னொருவர் ஆம்புலன்ஸுக்கு 999-ஐ அழைத்து "அனாஃபிலாக்சிஸ்" (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) என்று சொல்லட்டும். போட்ட நேரத்தை எழுதுங்கள். 5 நிமிடத்தில் தெளியாவிட்டால் இரண்டாவது பேனா. அதனால் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். ஆயாக்களுக்குக் கை தானாகப் போய்ப் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொள்ளும். கூடாது. நிமிர்த்தினால் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி உயிரே போகலாம். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் கால் நீட்டி உட்காரட்டும். தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம்.

டாக்டர் அல்லாதவர் ஊசி போடலாமா என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். பேனாவைச் செய்ததே டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரத்துக்குத்தான். பெற்றோர் கையெழுத்தும் டாக்டரின் எழுத்துத் திட்டமும் கோப்பில் இருக்கட்டும். முன்பு தோட்டத்துக்கு ஒரு டிரெஸ்ஸராவது (மருத்துவ உதவியாளர்) இருந்தார். இப்போது சுவரில் முதலுதவிச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினால் போதும் என்றாகிவிட்டது. பேனாவைத் தொட்டே பார்க்காதவருக்கும் சான்றிதழ்.

சமையலறையில் கச்சாங் சேரும் நாசி லெமாக், சாத்தே குவா (சாத்தேக்கு ஊற்றும் குழம்பு), அபாம் பாலிக் (மடித்த இனிப்பு அப்பம்) மூன்றையும் கவனியுங்கள். பசியாறியதும் எல்லாப் பிள்ளைகளும் சோப்பால் கை கழுவ வேண்டும். சானிடைசர் கச்சாங் புரதத்தை எடுக்காது.

பேனாவைப் பூட்டி வைக்காதீர்கள், குளிர்ப்பெட்டியிலும் காரிலும் வைக்காதீர்கள். தகரக் கூரைச் சூடும் ஆகாது. மாதம் ஒருமுறை கண்ணாடித் துளையில் பாருங்கள். மருந்து பழுப்பாக இருந்தால் மாற்றுங்கள். வேறு பேனாவே இல்லாத அவசரத்தில், காலாவதியானாலும் தெளிவாக இருப்பதைப் போடுங்கள்.