பழைய லாப்டொப்பில படம் தடக்கித் தடக்கி ஓடுது எண்டு கேட்ட தம்பிக்கு

வணக்கம் தம்பி. 4 ஜிபி ராம் லாப்டொப்பில ஜெல்லிஃபின் (லாப்டொப்பில இருக்கிற வீடியோவை டிவிக்கு அனுப்புற மென்பொருள்) போட்டு, டிவியில அம்மாவுக்குப் பத்திரகாளி அம்மன் தேர் வீடியோவைக் காட்டினால் நிண்டு நிண்டு ஓடுது, அதே வேலையைச் செய்யிற பிளெக்ஸுக்கு மாறட்டோ எண்டு கேட்டிருந்தீங்கள். மாறாதீங்கோ. ஜெல்லிஃபின் 2018 டிசம்பரில எம்பி (Emby) எண்ட இன்னொரு மீடியா மென்பொருளிலிருந்து பிரிஞ்சு வந்தது, முழுக்க இலவசம். பிழை அதில இல்லை.

வீடியோ ஓடேக்க ஜெல்லிஃபின் டாஷ்போர்டைத் திறந்து பாருங்கோ. டிரான்ஸ்கோடிங் எண்டு காட்டினால், பெரும்பாலும் உங்கட டிவிக்கு எச்.265 எண்ட புது வீடியோ வடிவம் விளங்கேல்லை, லாப்டொப் அதை அந்தந்த நேரமே பழைய வடிவமான எச்.264க்கு மாத்திக்கொண்டிருக்கு எண்டு அர்த்தம். பழைய சிபியு அதைத் தாங்காது. உப்புவெளியில எங்கட வீட்டிலயும் இதேதான். ஃபான் இரையும், தேர் வாசலுக்கு வரேக்க படம் உறைஞ்சுபோகும், அம்மம்மாவின்ர முகம் வாடிப்போகும். ஹேண்ட்பிரேக் எண்ட வீடியோ மாத்துற மென்பொருளில ராவிராவா விட்டு எல்லாத்தையும் எச்.264க்கு மாத்தினன். கோப்பு பெருத்தது, ஆனா இப்ப டைரக்ட் பிளே (மாத்தாமல் அப்பிடியே ஓடுது), ஒரு தடக்கலும் இல்லை.

சப்டைட்டில் எஸ்ஆர்டி எண்ட எழுத்துக் கோப்பாக இருக்கட்டும். படமாப் பதிஞ்ச வகை திரும்பவும் டிரான்ஸ்கோடிங்கைத் தொடக்கிவிடும். ஏலுமெண்டால் ரவுட்டரிலயிருந்து லாப்டொப்புக்கு லான் வயர் இழுங்கோ.

டவுன்லோட் பகல் டேட்டாவைத் திண்ணுது எண்டீங்கள். டவுன்லோட் செய்யிற கியூபிட்டொரென்ட் மென்பொருளில மாற்று வேக வரம்புக்கு நேரம் குறிக்கலாம். பகலுக்கு மெதுவா வைச்சு, ராவுக்குத் திறந்துவிடுங்கோ. ஜெல்லிஃபின் பாவிக்கிற 8096 போர்ட்டை மட்டும் ரவுட்டரில வெளியில திறக்க வேண்டாம்.

டாஷ்போர்டில என்ன காட்டுது எண்டு எழுதுங்கோ, பாத்துச் சொல்லுறன்.